வியாழக்கிழமைத் தூக்கம்

பாஸ்டர் ஐயா, சபை மாத இதழில் ‘கடைசிச் சாட்சி’ பகுதிக்கு என் கணவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருந்தீர்கள். தாமதத்துக்கு மன்னிக்கவும். இதில் பிழைகள் இருக்கும். நாற்பத்தொரு வருடம் நான் எழுதிய மளிகைச் சீட்டைக்கூட அவர் சிவப்புப் பென்சிலால் திருத்தித்தான் கொடுப்பார். இனி அந்தக் கவலை இல்லை.

அவர் சபை அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையின் மூப்பர். இரண்டும் அவருக்கு ஒரே வேலைதான். எவருடைய பிழையும் அவர் கண்ணுக்குத் தப்பாது. தன் முதுகு மட்டும் தனக்குத் தெரியாது என்பார்களே, அது அவருக்கும் பொருந்தும்.

நீங்கள் இங்கே வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. முன்வரிசையில் குடை வைக்கிற பெஞ்சைப் பார்த்திருப்பீர்கள். பழைய போதகர் காலத்தில் அதற்கு வேறு உபயோகம் இருந்தது. தவறு செய்தவர்கள் ஆராதனை முடிந்ததும் அங்கே வந்து முழங்கால் போட்டு, செய்ததை எல்லோரும் கேட்கச் சொல்ல வேண்டும். சொன்னால் மன்னிப்பு. “வாயால சொல்லாத பாவம் பாவமாவே இருக்கும்” என்பார் என் கணவர். ஒருவர் முணுமுணுத்தால், “சத்தமா” என்று சொல்வதும் அவர்தான்.

எங்களுக்கு ஒரே மகள். பத்தொன்பது வயதில் கர்ப்பமானாள், கல்யாணம் ஆகாமல். அவர் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை கையைப் பிடித்து அந்தப் பெஞ்சுக்குக் கூட்டிப்போய் முழங்கால் போடவைத்தார். அவள் வாய் திறக்கவில்லை. “சத்தமா” என்றார். அவள் எழுந்து பக்கவாசல் வழியாக வெளியே போனாள். நாங்கள் வீடு திரும்புவதற்குள் துணிமணியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கே அவர் பூட்டை மாற்றினார்.

ஐந்து மாதம் கழித்து, நகரத்தின் மறுகோடியில் ஒரு வாடகை அறையில், பிரசவக் காய்ச்சலில் இறந்தாள். குழந்தையும் பிழைக்கவில்லை. தகவல் வந்தபோது அவர் ஒரு பாட்டுப் புத்தகத்துக்குப் பிழை பார்த்துக்கொண்டிருந்தார். “மனந்திரும்பாமலே போயிட்டா. எங்க போயிருப்பான்னு நான் சொல்ல வேண்டியதில்லை” என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கத்தை முடித்தார். நான் அவருக்குச் சாப்பாடு போட்டேன். கேட்டு இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டார்.

அவர் சொன்னதை நான் நம்பினேன், ஐயா. அதைத்தான் நீங்கள் முக்கியமாகப் புரிந்துகொள்ள வேண்டும். நரகம் உண்டு, அங்கே என் மகள் இருக்கிறாள் என்று இருபத்திரண்டு வருடம் நம்பினேன். அடுப்பைப் பற்றவைக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். சபைப் பெண்கள் என்னை, வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவள் என்பார்கள். விசுவாசம் குறைந்தவளாக இருந்திருந்தால் நான் இதைச் செய்திருக்கவே மாட்டேன்.

அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்ததும், குரல்வளையை எடுத்ததும் உங்களுக்குத் தெரியும். எழுதிக் காட்ட மருத்துவமனையில் ஒரு வெள்ளைப் பலகையும் பேனாவும் கொடுத்தார்கள். இனி செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பியபோது, நர்ஸ் வலிமருந்தைக் காட்டி, “ஆறு சொட்டு, அதுக்கு மேல வேணாம்மா. ஆள் அசந்து தூங்கிடுவாரு” என்றாள்.

வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம் அவர் பலகையில் எழுதினார்: ‘மகளைப் பற்றிப் பேச வேண்டும்.’ இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. நான் படித்தேன். ஈரத்துணியால் துடைத்தேன். “தண்ணி வேணுமாங்க?” என்று கேட்டேன். அவர் மறுபடி எழுதினார்: ‘நான் பாவம் செய்தேன். பாஸ்டரைக் கூப்பிடு. பெஞ்சுக்கு வர முடியாது. அவர் முன்னால் சொல்ல வேண்டும்.’ எழுத்து கோணலாக இருந்தாலும் முற்றுப்புள்ளிகள் இடத்தில் இருந்தன. அதையும் துடைத்தேன்.

அதற்கு முந்தைய ஞாயிறு நீங்கள் சிலுவையில் தொங்கிய கள்ளனைப் பற்றிப் பிரசங்கம் செய்தீர்கள். ஆயுள் முழுக்கத் திருடியவன், கடைசியில் ஒரு வார்த்தை கேட்டான், அன்றைக்கே பரதீசுக்குப் போனான் என்று. பக்கத்தில் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. என் பெண் அங்கே வெந்துகொண்டிருப்பாள், அனுப்பிவைத்தவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மேலே ஏறிப்போவார். இதை எந்தத் தாயாலும் ஜீரணிக்க முடியாது. அவளை அவர் எங்கே அனுப்பினாரோ அங்கேயே அவரும் போவதுதான் நியாயம் என்று எனக்குப் பட்டது. அதற்கு நான் பெரிதாக ஒன்றும் செய்யத் தேவையில்லை. அவர் மன்னிப்புக் கேட்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நீங்கள் வியாழக்கிழமை நான்கு மணிக்கு வருவீர்கள். மூன்று மணிக்குப் பன்னிரண்டு சொட்டு கொடுத்துவிடுவேன். ஐந்து வியாழக்கிழமையும் அப்படித்தான். “நிம்மதியாத் தூங்குறாரும்மா. எழுப்ப வேணாம்” என்று நீங்கள் ஜெபித்துவிட்டுப் போனீர்கள். உங்கள் நல்ல மனசு எனக்கு மிகவும் உதவியாக இருந்தது. எழுந்ததும் அவர் கடிகாரத்தைப் பார்ப்பார், பிறகு உங்கள் காலி டீ டம்ளரைப் பார்ப்பார். அழுதால் தொண்டையில் போட்டிருந்த துளை வழியாக ஒரு சத்தம் வரும். நான் துளையைச் சுத்தம் செய்துவிடுவேன். கவனிப்பில் ஒரு குறையும் வைத்ததில்லை. முதுகில் ஒரு புண்கூட வரவில்லை என்று நர்ஸே பாராட்டினாள்.

மூன்றாவது வாரம், ‘நீயாவது கேள். உன்னிடம் சொல்கிறேன்’ என்று எழுதினார். பேனாவை வாங்கி அடுப்படி இழுப்பறையில் போட்டேன். “மை தீர்ந்துபோச்சுங்க” என்றேன். அதற்குப் பிறகு போர்வையில் விரலால் எழுதினார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கடைசி நாள் என் கையை இழுத்து, உள்ளங்கையில் ஒரு விரலால் எழுத ஆரம்பித்தார். முதல் இரண்டு எழுத்து புரிந்தது, மகளின் பெயர். நான் கையை மூடிக்கொண்டேன். காலை பதினொரு மணிக்கு இறந்தார். கையைக் கழுவிவிட்டு உங்களுக்குப் போன் செய்தேன்.

ஒரு வாரம் நன்றாகச் சாப்பிட்டேன். எட்டாம் நாள் நீங்கள் ஆறுதல் சொல்ல வந்தீர்கள். சும்மா பேச்சுவாக்கில்தான் கேட்டேன், வாயால் சொல்ல முடியாமல் மனசுக்குள்ளேயே மன்னிப்புக் கேட்டால் செல்லுமா என்று. நீங்கள் சிரித்தீர்கள். “என்னம்மா, ஊமையாப் பொறந்தவங்க என்ன செய்வாங்க? ஆண்டவருக்குப் பெஞ்சும் வேணாம், பாஸ்டரும் வேணாம். மனசு திரும்புச்சுன்னா அந்த நொடியே அவர் ஏத்துக்கிட்டாரு” என்றீர்கள். பிறகு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, “உங்க பொண்ணைப் பத்தி சபையில ஒருத்தங்க சொன்னாங்க. அந்தப் பிள்ளையும் கடைசி நேரத்துல ஆண்டவரைக் கூப்பிட்டிருக்கும்மா. அவர் யாரையும் தள்ளுறவர் இல்ல” என்றீர்கள்.

நாற்பது வருடம் சபைக்குப் போயும் இது எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெஞ்சைப் பார்த்துப் பார்த்தே பழகிவிட்டோம். நான் ஒவ்வொரு கதவாக அடைத்தேன். அவருக்குப் போக வேறு வழி இல்லாமல் நேராக ஆண்டவரிடமே போய்ச் சேர்ந்திருக்கிறார். நானே கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டதுபோல ஆகிவிட்டது.

மகள் பத்திரமாக இருக்கிறாள் என்று கேட்டதும் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் வந்தது வேறு. எனக்கு முந்தி அவர் அவளிடம் போய்விட்டாரே என்றுதான் முதலில் நினைத்தேன்.

இதைப் படித்ததும் நீங்கள் ஓடி வருவீர்கள். எனக்கும் ஒரு வார்த்தை போதும் என்பீர்கள். தெரியும். புதன்கிழமை அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டுப் பார்த்தேன். செய்ததைச் செய்யாமல் இருந்திருக்கலாமே என்று மனசு நோவதுதான் மனந்திரும்புதல் என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். அதனால் யோக்கியமாகவே கேட்டுப் பார்த்தேன்: அவர் மறுபடி இந்தக் கட்டிலில் படுத்திருந்தால் உங்களைக் கூப்பிடுவேனா? கூப்பிட மாட்டேன். சொட்டுகளை இன்னும் சீக்கிரமே ஆரம்பித்து, அவருக்கு நினைக்கக்கூட நேரம் விடாமல் பார்த்துக்கொள்வேன்.

அவர் இருக்கும் இடத்துக்கு நான் போக மாட்டேன், ஐயா. மகள் அங்கே எனக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று சொல்வீர்கள். பார்க்கட்டும். அவள் புரிந்துகொள்வாள். நான் செய்ததெல்லாம் அவளுக்காகத்தான்.