கால் மாத்திரை

பட்டாபிராமிலிருந்து ஆவடி போகும் ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள். மூத்தவளின் மடியில் மூன்று வயதுப் பெண் குழந்தை மூக்கொழுக உட்கார்ந்திருந்தது.

"எங்க ஊட்டுக்காரர் வெட்டுனா பத்து மாத்திரையில ரெண்டு துண்டுதான் தேறுது," என்றாள் மூத்தவள். அப்போதுதான் நான் போனைப் பைக்குள் வைத்தேன்.

"இன்னாக்கா சொல்ற?"

"பாப்பாவுக்குக் கால் மாத்திரை குடுக்கச் சொன்னாரு டாக்டர். இவரு ஃபேக்டரியில அளவு செக் பண்ற வேலையாச்சே. ஒவ்வொரு துண்டையும் ஸ்கேல் வெச்சுப் பார்ப்பாரு. துளி கூடக்கொறைய இருந்தா ரிஜெக்டுன்னு தூக்கிப் போட்டுடுவாரு."

"அதுவரைக்கும் பாப்பா?"

"பார்த்துகினே தூங்கிடும்."

இளையவள் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள். "சிரப் கேக்க வேண்டியதுதானே."

"கேட்டேன். டாக்டரும் மாத்திக் குடுத்துட்டாரு. கூடவே கோடு போட்ட அளவு மூடி கீது. அந்தக் கோடு வரைக்கும் ஊத்துனா போதும்."

"அப்புறம் இன்னா?"

"அந்தக் கோடு சரியான்னு யார் பார்த்தாங்கன்னு கேக்குறாரு. செக் பண்றேன்னு காலையில மூடியை டிபன் பையில போட்டுகினு டூட்டிக்குப் போய்ட்டாரு."

ஃபேக்டரி கேட் வந்தது. அவள் டிரைவரை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஒரு கையில் குழந்தையும் மறு கையில் சிரப் பாட்டிலுமாக இறங்கினாள்.

"மத்தியான வேளைக்கு நேரமாச்சு. மூடி தேறுச்சோ இல்லியோ, கேட்டாண்டயே ஊத்திட்டுத்தான் வருவேன்."