ஐந்தாம் பிரிவின் முன் நிற்கும் எங்கள் போதகருக்கு

திண்டிவனம் சுவிசேஷ சபையிலும் விழுப்புரம் கிளைச் சபையிலும் முப்பத்தொரு ஆண்டுகள் ஊழியம் செய்து, இன்று ஓய்வு பெறும் மதிப்பிற்குரிய போதகர் சக்கரபாணி ஐயா அவர்களுக்கு, இரு சபைகளின் ஊழியர்கள் அன்போடும் கொஞ்சம் அச்சத்தோடும் வாசித்தளிக்கும் மடல்.

கெடார் கிராமத்துக் கழனியில் பிறந்து கிருபையின் கதவருகே காவலிருந்தவரே!

நீங்கள் ஞானஸ்நான முழுக்கு எடுத்த நாளில் பெயரை மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். "பேரு ஒரு பாவமும் பண்ணலையே" என்று சொல்லிவிட்டுச் சக்கரபாணியாகவே தண்ணீரில் இறங்கி, சக்கரபாணியாகவே ஏறி வந்தீர்கள். விழுப்புரம் சபைக்குப் புதிதாக வந்த ஒரு குடும்பம் உங்கள் பெயரைக் கேட்டதும், இடம் மாறி வந்துவிட்டோமோ என்று வெளியே போய்ப் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு வந்தது. அவர்களுக்கு நீங்களே நாற்காலி போட்டீர்கள்.

இந்த மடலில் புகழ் மட்டும் இருந்தால் போதும் என்று எங்களில் சிலர் சொன்னார்கள். அப்படித்தான் எழுதத் தொடங்கினோம். மூன்று முறை எழுதி மூன்று முறையும் கிழித்தோம். எழுதியதெல்லாம் உண்மைதான். ஆனால் ஜூலை மாதத்திலிருந்து உங்களையும் எங்களையும் நிம்மதியாக உட்கார விடாத ஒன்று அதில் இல்லை. அதை விட்டுவிட்டு உங்களை வழியனுப்பினால், நீங்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த நேர்மைக்கு நாங்கள் செய்யும் மரியாதையாக அது இருக்காது.

எட்டுப் பிரிவுகளை எங்கள் நாவில் நிறுத்தாமல் நெஞ்சில் நட்டவரே!

நம் சபையின் விசுவாச அறிக்கை உள்ளங்கை அளவு அட்டையில் அடங்கிவிடும். வேதம் தேவனுடைய வார்த்தை என்பது முதல் பிரிவு. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என மூவராக இருக்கும் தேவன் ஒருவரே என்பது இரண்டாவது. மனிதர் எல்லாரும் பாவத்தில் விழுந்தவர்கள், தங்களைத் தாங்களே மீட்டுக்கொள்ள முடியாதவர்கள் என்பது மூன்றாவது. இயேசு கிறிஸ்து நமக்காகச் சிலுவையில் மரித்து, உடலோடு உயிர்த்தெழுந்தார் என்பது நான்காவது. அவரை விசுவாசிப்பதால் மட்டுமே, நம் செய்கை எதையும் பார்க்காமல், இலவசமாக இரட்சிக்கப்படுகிறோம் என்பது ஐந்தாவது. பரிசுத்த ஆவியால் மறுபடியும் பிறக்கிறோம். விசுவாசித்தவர்கள் முழுக்கு எடுத்துத் திருவிருந்தில் பங்குகொள்கிறோம். அவர் மறுபடியும் வருவார் என்று காத்திருக்கிறோம். இவை மற்ற மூன்றும். வாசிக்க இரண்டு நிமிடம் ஆகும். இதைச் சொல்ல முப்பத்தொரு ஆண்டுகள் உங்களுக்குப் போதவில்லை.

வேறு இடங்களில் அட்டையை ஒப்பித்தால் முழுக்கு கொடுக்கிறார்கள். இங்கே முழுக்குக்கு முந்தைய சனிக்கிழமை, மூப்பர்கள் முன்னால் நின்று, அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எட்டையும் சொந்தச் சொல்லில் சொல்ல வேண்டும். இது நீங்கள் கொண்டுவந்த வழக்கம். யாராவது மனப்பாடமாக ஓட்டினால் கையை உயர்த்துவீர்கள். "அட்டை பேசுது. நீங்க எப்ப பேசப் போறீங்க?"

ஓய்வுநாள் பள்ளி நடத்தும் ராம்கி, இரண்டாம் பிரிவைப் பிள்ளைகளுக்கு எளிதாக்குவதற்காகத் தண்ணீர், பனிக்கட்டி, நீராவி மூன்றும் ஒன்றே என்று சொல்லிக்கொடுத்த அன்று, கடைசி பெஞ்சில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள்.

"ஒரே ஆளு மூணு சட்டை மாத்திக்கிற மாதிரி ஆயிடுச்சே ராம்கி. அது இல்லப்பா."

ராம்கி விடவில்லை. "மூணும் ஒரே பாத்திரத்துல, ஒரே நேரத்துல இருக்கிற நிலை ஒண்ணு இருக்கு பாஸ்டர். அழுத்தமும் வெப்பமும் சரியா அமைஞ்சா."

நீங்களும் விடவில்லை. "அப்பவும் ஒரே துளி பனியாவும் ஆவியாவும் இருக்கறதில்லையே. பாத்திரத்தைப் பங்கு போட்டுக்கிது, அவ்வளவுதான?" பிறகு ராம்கியின் தோளில் கை வைத்தீர்கள். "புரியலைன்னு பிள்ளைங்க கிட்ட சொல்லு. அது ஒண்ணும் தப்பில்ல. தப்பா புரியவெச்சிட்டு நிம்மதியா வூட்டுக்குப் போறதுதான் தப்பு."

இந்தக் கண்டிப்பினால்தான் நம் சபையில் முழுக்கு எடுத்தவர்களுக்குத் தாங்கள் எதை நம்புகிறோம் என்பது தெரியும். இது உங்கள் உழைப்பின் பெருமை. இதே கண்டிப்பினால் பதினொரு பேர் திருப்பி அனுப்பப்பட்டு, இங்கே முழுக்கு எடுக்காமலே போனார்கள். அந்தப் பெருமையைப் பற்றி நீங்கள் பேசியதே இல்லை. இந்தப் பதினொன்றைப் பற்றி இப்போது தினமும் பேசுகிறீர்கள்.

ஒரு கேள்வி கேட்கப்பட்டதும் கோபம் கொள்ளாமல் கலங்கியவரே!

சின்னபொண்ணு அம்மாவைச் சபையார் எல்லாருக்கும் தெரியும். ஒலக்கூர் பக்கத்தில் சொந்த நிலத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடுகிறவர். நான்கு ஆண்டுகளாக வருகிறார். எழுத்துத் தெரியாது. அட்டையைப் பிறர் வாசிக்கக் கேட்டே அவர் கற்றார். மூன்றாம் பிரிவை அவரைப் போல எவரும் சொன்னதில்லை. "எங்க ஊர்ல பாவி யாருன்னு கேட்டா ஆளுக்கு ஆளு பக்கத்து வூட்டைக் காட்டுவாங்க. நான் என் வூட்டைக் காட்டுறேன்." எட்டாம் பிரிவுக்கு அவருக்கு இரண்டு வாக்கியம் போதும். "வருவாரு. எப்பன்னு தேதி சொல்றவனை நம்பக்கூடாது."

ஐந்தாம் பிரிவில்தான் சிக்கல். வாரந்தோறும் ஒரு பை மல்லாட்டையை உங்கள் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவார். வேண்டாம் என்று நீங்கள் சொல்லிப் பார்த்தீர்கள். "சும்மா வாங்கிக்கினு போற பழக்கம் எங்களுக்கு இல்ல பாஸ்டரய்யா. சாமி நமக்காக உசுரையே குடுத்திருக்காரு. நாம வெறுங்கையை வீசிக்கினு வந்தா நல்லாவா இருக்கும்?" இலவசம் என்பது இவருக்கு இன்னும் புரியவில்லை என்று மூன்று முறை அவரைத் திருப்பி அனுப்பினீர்கள். நான்கு ஆண்டுகளாகத் திருவிருந்து அப்பத் தட்டு அவர் மடிக்கு வரும். முழுக்கு எடுக்காதவர் என்பதால் அப்பத்தை எடுக்காமல் அடுத்தவரிடம் நீட்டிவிடுவார்.

ஜூலையில் நான்காவது முறை நின்றார். ஐந்தாம் பிரிவு வந்ததும் உங்களைப் பார்த்துக் கேட்டார்.

"பாஸ்டரய்யா, இனாம்னு சொல்றீங்க. நான் உங்க முன்னால நின்னு, நீங்க கேட்டதுக்கெல்லாம் கரெக்டா சொல்லி, பாஸ் ஆனாத்தான் முங்க வுடுவேன்னும் சொல்றீங்க. அப்ப அது இனாம் எப்படி ஆவும்?"

மூப்பர் ஒருவர், "அம்மா, பாஸ்டரை எதுத்துப் பேசக்கூடாது" என்றார்.

"எதுத்து எங்க பேசறேன்? அட்டையில இருக்கிறதைத்தான் சொல்றேன். சொந்தச் சொல்லுல சொல்லணும்னீங்க, சொன்னேன்."

நீங்கள் மேசையிலிருந்து அட்டையை எடுத்தீர்கள். உங்களுக்கு மனப்பாடமான அட்டை. அன்று அதைப் புதிதாகப் படிப்பவரைப் போல விரல் வைத்துப் படித்தீர்கள். பிறகு, "நாளைக்கு முழுக்கு இல்லம்மா. இந்தத் தடவை குறை உங்க கிட்ட இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனீர்கள்.

உட்காராத உள்ளமே! ஓயாத கால்களே!

மறுநாளே பழைய பதிவேட்டை எடுத்து அந்தப் பதினொரு பெயர்களை எழுதிக்கொண்டீர்கள். ஜூலையும் ஆகஸ்டும் பஸ்ஸிலேயே போயின. தனியாக விட மனமில்லாமல் எங்களில் ஒருவர் மாறி ஒருவர் கூடவே வந்தோம். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டுப் புறப்பட்டீர்கள். இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டே வந்தீர்கள்.

விழுப்புரத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் பிரவீன்குமார், இருபது ஆண்டுகளுக்கு முன் இரண்டாம் பிரிவில் திருப்பி அனுப்பப்பட்டவர். உங்களைப் பார்த்ததும், "என்ன பாஸ்டர், ரிசல்ட் இப்பத்தான் வந்துதா?" என்றார்.

"மன்னிப்புக் கேக்க வந்தேன் தம்பி."

"மொதல்ல உக்காருங்க, டீ சொல்றேன். நான் வேற சபையில முழுக்கு எடுத்து, இப்ப அங்க மூப்பராவே ஆயிட்டேன். உங்க ரெண்டாம் பிரிவு மட்டும் இன்னிக்கும் புரியல பாஸ்டர். ஆனா புரியலைன்னு தைரியமா சொல்றேன்." அந்த இரண்டு மாதங்களில் நீங்கள் சிரித்தது அங்கே மட்டும்தான்.

மரக்காணம் பக்கத்துக் குப்பத்தில் பவுனு அம்மாவின் வீட்டில் எவராலும் சிரிக்க முடியவில்லை. அவருடைய கணவர் மணிமாறன் கடலுக்குப் போகிறவர். இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்டார். மூன்றாவது முறைக்கு முன் கடலிலேயே இறந்துபோனார். முழுக்கு இல்லாவிட்டாலும் விசுவாசித்தவர் தேவனிடம் இருக்கிறார் என்பதே நம் போதனை. அன்று அடக்க ஆராதனையிலும் அதைத்தான் சொன்னீர்கள். பவுனு அம்மா அதை மறக்கவில்லை.

"தண்ணி இல்லாமயே அவரு போய்ச் சேந்துட்டாருன்னு நீங்கதான சொன்னீங்க? அப்ப உசுரோட இருக்கச்சொல்லோ எதுக்கு நிறுத்தி வெச்சீங்க? எல்லாரும் அப்பத்தை எடுத்துக்கினு இருப்பாங்க. அவரு கையைக் கட்டிக்கினு குந்தியிருப்பாரு. வூட்டுக்கு வந்தா சோறு இறங்காது."

ஜெபம் செய்யவும் உங்களால் முடியவில்லை. பவுனு அம்மாவே ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்து, "வெயில்ல வந்திருக்கீங்க, குடிங்க" என்றார்.

மற்றவர்களில் சிலர் ஊர் மாறியிருந்தார்கள். சிலருக்கு உங்கள் முகமே நினைவில்லை. ஒருவர் கதவைத் திறக்கவில்லை. அந்த வீட்டுக்கு மட்டும் மூன்று முறை போனீர்கள்.

திரும்பி வந்து மூப்பர்களிடம் இரண்டு செய்திகள் சொன்னீர்கள். சனிக்கிழமை விசாரணை இனி வேண்டாம். விசுவாசிக்கிறேன் என்று சொல்லி வருகிறவருக்கு முழுக்கு கொடுத்துவிட்டு, பிறகு எட்டுப் பிரிவுகளையும் உட்கார்ந்து பேசலாம். இது முதல் செய்தி. மூப்பர்கள் ஏற்றுக்கொண்டார்கள். சின்னபொண்ணு அம்மாவுக்குப் புதிய போதகர் முழுக்கு கொடுக்கட்டும் என்பது இரண்டாவது. "இந்தக் கைக்கு இனிமே அந்த உரிமை இல்ல" என்றீர்கள்.

நீங்கள் சொல்லாத மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. ஆகஸ்டிலிருந்து திருவிருந்தை எங்களுக்குக் கொடுக்கிறீர்கள், நீங்கள் எடுப்பதில்லை. தட்டை மூடி வைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறீர்கள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பீர்கள். பார்த்தோம் ஐயா. அன்றிலிருந்து எங்களுக்கும் அந்த அப்பம் எளிதாக இறங்கவில்லை.

எங்கள் பதற்றத்துக்குக் காரணம் இதுதான். இன்று மாலை சபைச் சாவியைக் கொடுத்துவிட்டு, இந்த நிலையிலேயே நீங்கள் கெடாருக்குப் போய்விட்டால், ஐந்தாம் பிரிவு எல்லாருக்கும் உண்டு, அதைச் சொல்லிக்கொடுத்தவருக்கு மட்டும் இல்லை என்று ஆகிவிடும். அப்படி ஒரு விதிவிலக்கு அந்த அட்டையில் எங்கும் அச்சிடப்படவில்லை.

சென்ற வாரம் ஒலக்கூர் போய்ச் சின்னபொண்ணு அம்மாவிடம் உங்கள் முடிவைச் சொன்னோம். களத்தில் மல்லாட்டை உதிர்த்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"புதுசா வர்றவரு வேணாம். அவரு என்னை ஒண்ணும் பண்ணலை. தப்பு பண்ண மனுசனே வந்து முக்கட்டும்."

"அவரு ரொம்ப மனசு ஒடிஞ்சி போயிருக்காரும்மா. ஊர் ஊராப் போய் மன்னிப்புக் கேட்டுக்கினு இருக்காரு" என்றோம்.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "கேக்கட்டும், நல்லதுதான். ஆனா அத்தினி வூடு ஏறி இறங்கினாத்தான் மன்னிப்புன்னு நினைச்சிக்கினா, நான் பை தூக்கினு வந்ததும் அவரு பஸ்ஸுல அலையறதும் ஒண்ணுதான்னு சொல்லுங்க. எனக்கு இனாம்னா அவருக்கும் இனாம்தான். பாஸ்டரய்யாவுக்குத் தனி ரேட்டா?"

கிருபையை எங்களுக்குக் கொடுத்தவரே! இன்று கை நீட்டிப் பெற வேண்டியவரே!

உங்களுக்குப் போதிக்க எங்களுக்குத் தகுதி இல்லை. ஆனாலும் அட்டையைக் கவிழ்த்துவிட்டு, ஐந்தாம் பிரிவை எங்கள் சொந்தச் சொல்லில் சொல்கிறோம். நீங்கள் பதினொரு பேரை நிறுத்தியது தவறு. அந்தத் தவறு உண்மை, அதன் வலியும் உண்மை. பவுனு அம்மாவின் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. அதை உங்களால் ஈடுகட்ட முடியாது. ஈடுகட்டிய பிறகு வா என்று உங்களை யாரும் கூப்பிடவில்லை. இப்போதே வா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நாங்கள் சரியாகச் சொல்லியிருக்கிறோமா என்று இன்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். வந்தால் போதும்.

உங்கள் முழங்கால் வலி குறையட்டும். இரவில் உங்களுக்குத் தூக்கம் வரட்டும். உங்கள் துணைவியார் புனிதா அம்மாவோடு ஒரு வேளைச் சாப்பாட்டையாவது முழுதாக உட்கார்ந்து சாப்பிடும் நாட்கள் பல ஆண்டுகள் நீளட்டும். திண்டிவனத்துக்கோ விழுப்புரத்துக்கோ எப்போது வந்தாலும், சபையாரில் ஒருவராக எங்கள் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

உங்களைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். காலையிலேயே மேடைப் பலகைகளை எடுத்து, அடியிலிருக்கும் முழுக்குத் தொட்டியை நிரப்பியிருக்கிறோம். புதிய போதகரிடமும் மூப்பர்களிடமும் அனுமதி கேட்டாயிற்று. திருவிருந்து மேசை மூடாமல் இருக்கிறது. இந்த வரியை வாசிக்கும்போது சின்னபொண்ணு அம்மா தண்ணீரில் இறங்கியிருப்பார். இடுப்பளவுதான், ஆனால் தண்ணீர் சில்லென்று இருக்கிறது, அவரை நெடுநேரம் நிற்க வைக்க முடியாது.

படி கொஞ்சம் உயரம். ராம்கி கை கொடுப்பார். இறங்குங்கள் ஐயா.

தங்கள் கையால் முழுக்கு எடுத்தவர்களான,
திண்டிவனம், விழுப்புரம் சபைகளின் ஊழியர்கள்