சாவியை வைக்கிறதுக்கு முன்னாடி

டீயெல்லாம் வேணாங்க்கா. மாடியப் பூட்டிட்டேன், சாவியக் குடுத்துட்டுக் கெளம்பலாம்னுதான் வந்தேன். போட்டாச்சா? சரி, குடுங்க. செத்த நேரம் உக்காந்துக்கிறேன். சாமானக் கட்டிக் கட்டி இடுப்பே விட்டுப்போச்சு.

ஆமா, வேன் முக்குல நிக்குது. சந்துக்குள்ள வராதுன்னுட்டாரு டிரைவரு. சுகன்யாவும் பாப்பாவும் ஏறி உக்காந்தாச்சு. சாமி படத்தையும் உப்பு ஜாடியையும் மடியிலயே வச்சிருக்கா. ஓசூரு போயி மொதல்ல அதத்தான் வீட்டுக்குள்ள கொண்டுபோவணுமாம். ராகுகாலத்துக்கு முன்னாடி வண்டிய எடுக்கணும்னு காலைல இருந்து ஒரே பாட்டு. ஹாரன் அடிச்சா அடிக்கட்டும்க்கா.

சாவிதான? இந்தா, கையிலதான் இருக்கு. தாரேன். ஆமா, மாடிக்கு யாரும் கேட்டு வந்தாங்களா? பிரபுவா? ஸ்கேன் சென்டர்ல இருக்காரே, அவரா? நல்ல மனுசந்தான். வாக்குக் குடுத்துட்டீங்களா? ம். சாயங்காலந்தான் சொல்றேன்னிருக்கீங்களா. சரி, சரி. சும்மாதான் கேட்டேன்.

என்ன வேலையா? நல்லாக் கேட்டீங்க போங்க! பாப்பா பொறந்ததுல இருந்து உங்க தலைக்கு மேலதான் குடியிருக்கேன், காலி பண்ற அன்னிக்குக் கேக்குறீங்க. சேவியர் அண்ணன் நெட்டு கம்பெனி இருக்குல்ல, ரெட்டியார்சத்திரத்துல இருந்து வடமதுரை வரைக்கும் கம்பத்துக்குக் கம்பம் பொட்டி மாட்டியிருக்கோம். ஒவ்வொரு பொட்டிக்குள்ளயும் ஒரு புரோகிராம் உக்காந்திருக்கும். ஏஜென்டும்பாங்க. ஆபீசுல இருந்து நாம என்ன சொல்றமோ, அத அது அங்க மாத்தி வைக்கும். அந்த ஏஜென்ட எழுதுறதுதான் நம்ம பொழப்பு.

அட, ஒண்ணே ஒண்ண மாத்துறதுன்னா ஒண்ணுமே இல்லக்கா. நாலஞ்ச ஒண்ணாச் சேத்து மாத்தணும்னு வைங்க, அங்கதான் வம்பு. பொட்டியோட விலாசம், அது பேசுற வழி, லைனு, வேகம். அதுல ரெண்டு மாறி மிச்சம் மாறலைன்னா பொட்டி அந்தரத்துல நிக்கும். பழசுலயும் இருக்காது, புதுசுலயும் இருக்காது. நாம கூப்பிட்டாலும் கேக்காது. எந்த வழியாப் பேசுனமோ அந்த வழியவே மாத்திப்புட்டமே, எப்பிடிக் கேக்கும்? அப்பறம் வெயில்ல பைக்க மிதிச்சு வடமதுரைக்குப் போயி கம்பத்துல ஏறணும். இந்தக் கிறுக்குத்தனத்த ஒருவாட்டியாச்சும் பண்ணாத ஆளு எங்க தொழில்லயே கெடையாது.

அதனால எடுத்தவொடனே எதையும் தொடக் கூடாது. மொதல்ல ஒவ்வொண்ணுகிட்டயும் கேக்கணும். உன்னால மாற முடியுமா, எடம் இருக்கா, புதுசு உனக்குத் தோதுப்படுமா. ஒண்ணு மாட்டேன்னாலும் அத்தோட விட்டுறணும். யாருக்கும் நட்டமில்ல. எல்லாமே சரின்னாத்தான் மாத்த ஆரம்பிக்கணும். அப்பவும் பழசு என்ன இருந்துச்சோ அதக் கையிலயே வச்சிருக்கணும். நடுவுல ஏதாச்சும் மக்கர் பண்ணுச்சுன்னா, கடைசியா மாத்துனதுல இருந்து அப்பிடியே பின்னாடியே வந்து ஒவ்வொண்ணாப் பழையபடி வச்சுறணும். புதுசு நல்லா உக்காந்துருச்சுன்னு கண்ணால பாத்த பொறகுதான் பழசக் கைவிடணும். சேவியர் அண்ணன் காட்டுக் கத்தாக் கத்துவாரு. ஏலே, கேட்டுக்கிட்டே இருக்கியே, எப்பத்தான்டா மாத்துவம்பாரு. கத்திட்டுப் போறாருன்னு விட்டுருவேன். என் ஏஜென்டு ஒரு பொட்டியக் கூட அந்தரத்துல விட்டதில்லக்கா. அதுல எனக்குக் கொஞ்சம் திமிருதான்.

அதக் கேள்விப்பட்டுத்தான் ஓசூர்க்காரங்க கூப்பிட்டாங்க. பெரிய கம்பெனி. போன்லயே பேசி, நீங்க வந்துருங்க சார், ஆர்டரு பின்னாடியே வந்துரும்னாங்க. எனக்கும் சலிச்சுப்போச்சுக்கா. யாரு வீட்டுல படம் நின்னாலும் என்னயத்தான் ஏசுறாய்ங்க. மறுநாளே சேவியர் அண்ணன்கிட்ட வேலைய விட்டு நின்னுக்கிறேன்னுட்டேன். அவரு பாவம், முகம் சுண்டிப்போச்சு. என் சீட்டுல இப்ப வேற ஆளு உக்காந்தாச்சு. சுகன்யா சொன்னா, நீங்க மட்டும் மொதல்ல போங்க, எல்லாம் சரியா இருந்தா நானும் பாப்பாவும் பெறகு வாரோம்னு. நான் கேட்டனா? மில்லு ஆபீசுல அவ பாத்துக்கிட்டிருந்த வேலைய விடச் சொன்னேன். பாப்பாவுக்கு ஸ்கூல்ல டீசி வாங்குனேன். கேஸ் கனெக்சனக் கூட வேணாம்னு எழுதிக் குடுத்தாச்சு. எல்லாம் ஒரே மூச்சுல.

கண்ணு செவந்திருக்கா? தூக்கம் இல்லக்கா, அதான். இல்ல, உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போவுது.

மாடியில ஏதாச்சும் விட்டுப்போச்சான்னு கடைசியா ஒருக்காப் பாக்க ஏறுனேன்ல, அப்ப போன் வந்துச்சு. ஓசூர்ல இருந்துதான். அந்த வேலையவே நிறுத்தி வச்சுட்டாங்களாம். இப்போதைக்கு வரவேணாமாம். சாரி சார்னுட்டு வச்சுட்டாரு. பூட்டிட்டு நேரா உங்க வாசலுக்குத்தான் வந்தேன். வேன் பக்கம் போகக் காலு வரல. வெக்கமா இருக்குக்கா.

சுகன்யாவுக்கு இன்னும் தெரியாது. ஹாரன் அடிக்கிறது அவ சொல்லித்தான் இருக்கும். உப்பு ஜாடிய மடியில வச்சுக்கிட்டு நல்ல நேரம் போவுதேன்னு பதறிக்கிட்டு இருப்பா.

மில்லுல போயி நானே கேக்குறேன். ஸ்கூல்லயும் கேக்குறேன். சேவியர் அண்ணன் கால்ல விழணும்னாலும் விழுறேன். பின்னாடியே வரணும்னு சொன்னேன்ல, அப்பிடி வாரதுக்கு மொதல்ல இங்க இருந்துதான் ஆரம்பிக்கணும். பிரபுகிட்ட நீங்க இன்னும் ஒண்ணும் சொல்லல. இந்தச் சாவிய நானும் இன்னும் உங்க கையில வைக்கலைலக்கா?