மனச்சோர்வு மருந்தின் மானம் காத்த மருந்தாளர் மோகனா அம்மையாருக்கு

சிம்பாங் அம்பாட் சுற்றுவட்டாரத் தோட்டங்களும் தாமான் குடியிருப்புகளும் நம்பி வரும் எங்கள் கிளினிக்கில், அன்பும் அறிவும் ஆற்றலும் ஒருங்கே அமைய அருந்தொண்டாற்றி இன்று பணி ஓய்வு பெறும் அம்மையீர்! மருந்தைக் கையிலும் தெம்பை மனத்திலும் வைத்தனுப்பிய மாதரசியே! வணக்கம்.

நீங்கள் பணியேற்ற காலத்தில் மனச்சோர்வு மாத்திரைக்கு வந்தவர்கள் மிகச் சிலர். அவர்களும் பொட்டலத்தைப் பசார் பையில் கீரைக்கு அடியில் புதைத்துக்கொண்டு போனார்கள். ஆண்டுகள் செல்லச் செல்லச் சிலர் பலரானார்கள். பெருந்தொற்றுக்குப் பின், தோட்டத்தாரும் தொழிற்சாலையாரும் கல்லூரி மாணவரும் ஒரே வரிசையில் நின்றார்கள்.

"நாடே மாத்திரைக்கு அடிமையாகிப் போச்சு. நீங்கதான் அள்ளிக் குடுக்குறீங்க" என்று கோயில் கூட்டத்தில் ஒருவர் உங்கள்மீது பாய்ந்தார்.

"டாக்டர் பார்த்துத்தான்ங்க குடுக்குறாரு. இந்த நோய் இப்ப வந்தது இல்ல. முந்தி வெளிய சொல்லாமலே செத்தாங்க" என்றீர்கள். கூட்டம் அடங்கியது, பேச்சு அடங்கவில்லை.

அப்பேச்சை நம்பியவர்களுள் ஒருவர் லோரி ஓட்டுநர் குகன். அவரும் துணைவியார் தேவிஸ்ரீயும் இன்று இவ்வவையில் இருக்கிறார்கள்; அவர்கள் இசைவோடுதான் இதைச் சொல்கிறோம்.

ஒரு நாள் காலை, குகன் மனைவியின் மாத்திரைகளை உங்கள் மருந்து முகப்பு மேசையில் வீசினார். "என் வைஃப் என்ன பைத்தியமா? போன வாரமே நிப்பாட்டச் சொல்லிட்டேன். நீங்களே வச்சுக்குங்கலா!"

பாதுகாவலரை அழைக்க எழுந்த எங்களைக் கையமர்த்தினீர்கள்.

"தம்பி, இப்ப தேவிகூட வீட்டுல யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. நேத்து வரைக்கும் அழுதுச்சு. இன்னிக்கு அமைதியாயிருச்சு. பிள்ளைங்கள எங்கம்மா வீட்டுல விட்டுட்டு வரச் சொன்னுச்சு."

அந்தத் திடீர் அமைதியின் ஆபத்தை அறிந்தவர் நீங்கள். தேவியைத் தொலைபேசியில் அழைத்தீர்கள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. "டாக்டர்கிட்ட சொல்லி ஆம்புலன்ஸ் அனுப்புங்க!" என்று எங்களிடம் கூவிவிட்டு, வெள்ளை அங்கியோடு அவருடைய லோரியில் ஏறினீர்கள்.

வீடு உட்புறம் பூட்டியிருந்தது. குகன் கதவை இடித்தார். "போயிருங்க" என்றது உள்ளிருந்து ஒரு குரல். அவரை விலக்கிவிட்டு நீங்கள் கதவருகே குனிந்தீர்கள்.

"தேவி, கிளினிக்கு மோகனா அக்கா பேசுறேன். திட்ட வரலம்மா. ஒன்னும் சொல்ல வேணாம். கதவ மட்டும் தொற."

திரும்பத் திரும்ப அதையே சொன்னீர்கள். விசும்பல் கேட்டதும் குகன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் ஒலி தெருமுனையில் எழுந்த வேளையில் தாழ்ப்பாள் விலகியது. உயிரோடு வந்த தேவிஸ்ரீ உங்கள் தோளில் சாய்ந்தார்!

பணி நேரத்தில் இடத்தை விட்டகன்றதற்கு மேலதிகாரி விளக்கம் கேட்டார். "தப்புன்னா தண்டனை குடுங்க சார். ஆனா அடுத்த தடவையும் போவேன்" என்றீர்கள். அவர் கோப்பை மூடிவிட்டு, "போய் வேலையப் பாருங்க" என்றார்.

மருத்துவமனைச் சிகிச்சையால் தேவிஸ்ரீ மெல்ல மெல்லத் தேறினார். இப்போது அவருக்கு மருந்து வாங்க வருபவர் குகனே. சென்ற மாதம் வரிசையில் தயங்கி நின்ற ஒருவரிடம், "வெக்கப்படாதீங்கண்ணே, கேட்டு வாங்குங்க" என்று அவர் சொன்னதை நாங்களே கேட்டோம்.

அஞ்சாத அன்பே! அயராத பணியே! நிறைந்த ஆயுளும் நிம்மதியான உறக்கமும் பெற்று நீடு வாழ்க! உங்கள் மனமும் மனம்தான்; அதுவும் ஒருநாள் கனக்கலாம். அன்று எங்களிடம் வாருங்கள், அக்கா. உங்களைக் காக்க வைக்க மாட்டோம்.

அன்பு மாறா,
உடன் பணியாற்றிய ஊழியர்கள்