வெறுமையாகத் திருப்பித் தராதவன்

அந்த வீடியோக் கருவிக் கண்காட்சியில் வாசலிலேயே ஒரு துணிப்பை கொடுத்தார்கள், அதிகாரி ஸயா. நல்ல பை. தையல் கெட்டியாக இருக்கிறது. இப்போதும் ஜெபப் புத்தகத்தை அதில் வைத்துத்தான் கோயிலுக்கு எடுத்துப் போகிறேன்.

நீங்கள் நேற்றுக் கொண்டுவந்த விசாரணைப் படிவத்தைப் படித்தேன். மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் நடந்த தீ விபத்து பற்றியது. ‘இரவல் கொடுத்த பேட்டரி நல்ல நிலையில் இருந்தது’ என்று ஒரு வரி. அதன் கீழே என் கையெழுத்துக்கு ஒரு கோடு. பேனாவையும் நீங்களே நீட்டினீர்கள். ஐந்து நிமிட வேலை என்றீர்கள். பொய்யான வரியின் கீழ் கையெழுத்துப் போடுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அதனால் நடந்ததை எழுதித் தருகிறேன். தமிழில் எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அலுவலகத்து ஃபஹீமா படித்துச் சொல்வாள்.

என் பெயர் ஏசுரத்தினம். தாமுவேயில் முப்பது வருஷமாக ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் வீடியோ எடுக்கிறேன். எங்கள் கோயில் மாதா தேர்ப்பவனியைப் பத்தொன்பது வருஷம் நான்தான் எடுத்தேன். இருபதாம் வருஷம் பங்குப் பேரவை அந்த வேலையை உதயசூரியனிடம் கொடுத்தது. பெர்த்திலும் பினாங்கிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் தேரை அந்த நேரத்திலேயே பார்க்க வேண்டுமாம். நான் எடுத்தால் செப்டம்பரில் புறப்பட்ட மாதா கிறிஸ்துமஸுக்குத்தான் அவர்களிடம் போய்ச் சேருகிறாளாம். பேரவையில் இப்படிச் சொல்லிச் சிரித்தார்கள் என்று கேள்வி. பக்தியுள்ளவர்கள், சிரிக்கட்டும்.

உதயசூரியன் என்னிடம் எட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டுத் தனியாகத் தொழில் தொடங்கியவன். முருகன் கோயிலுக்குப் போகிறவன். அதை நான் ஒருநாளும் குறையாக நினைத்ததில்லை. அவன் பெயரைச் சொல்லித் தினமும் ஜெபித்திருக்கிறேன். தேர் வேலை அவனுக்குப் போனதை வேறு யாரும் என்னிடம் சொல்வதற்கு முன் அவனே வீட்டுக்கு வந்து சொன்னான்.

“அண்ணே, மெயின் கேமரா நீங்க புடிங்க. நான் ஓரமா ஒக்காந்து அனுப்புற வேலைய பாத்துக்கிறேன். பேரும் உங்க பேரே போடுவோம்.”

முழுவதையும் பிடுங்கிக்கொள்கிறவனை மன்னிப்பது சுலபம். வேதத்தில் அதற்கு வழி இருக்கிறது. பிடுங்கியதில் பாதியைச் சிரித்துக்கொண்டே திருப்பி நீட்டுகிறவனை என்ன செய்வது என்று தேடிப் பார்த்தேன். எங்கும் எழுதியிருக்கவில்லை.

கண்காட்சி ஒரு ஓட்டல் மண்டபத்தில், சனிக்கிழமை நடந்தது. வீடியோ கருவிகள் மட்டும். ஒரு நாளில் பாதி நேரம் மின்சாரம் இல்லாத ஊரில், ஈயின் கண் இமையைக்கூடப் பிடிக்கும் கேமராக்களை வரிசையாக வைத்திருந்தார்கள். பறக்கவிட அனுமதி இல்லாத ட்ரோனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். மிருகக்காட்சிசாலைப் புலியைப் போல ஜனங்கள் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். ஒரு கடையில் புது விதமான மென்விளக்கு. அதன் முன் நின்றால் எதிரே திரையில் நம் முகம் தெரியும். யார் நின்றாலும் பாவமே செய்யாத முகமாகத் தெரிந்தது. நான் மூன்று தடவை நின்றேன்.

பேட்டரிக் கடையில் ஷீபா வேலைக்கு இருந்தாள். எங்கள் பங்குப் பெண்தான். பழைய பேட்டரியைக் கொண்டுவந்து பெட்டியில் போட்டால் ஒரு கோப்பை லபெயே டீ இலவசம் என்று பலகை வைத்திருந்தார்கள். நானும் ஒன்று கொண்டுபோயிருந்தேன். போன மழையில் கடைக்குள் தண்ணீர் வந்தபோது நனைந்த பேட்டரி. செங்கல் அளவு, கெட்டியான கறுப்புக் கூடு. வெளியே பார்த்தால் புதுசு. ஷீபா அதை ஒரு கருவியில் மாட்டிப் பார்த்தாள்.

“அங்கிள், இத தண்ணிக்குள்ள போட்டீங்களா?”

“நாங்க எங்கம்மா போட்டோம், தண்ணியே வந்துச்சு.”

“உள்ள செல்லு எல்லாம் போச்சு. பாதி சார்ஜ் காட்டும், லைட்டும் எரியும். ஆனா இனிமே சார்ஜ்ல மட்டும் போட்ராதீங்க. வெடிச்சிரும். நெருப்பு தண்ணி ஊத்துனாலும் அணையாது.”

சொல்லிவிட்டு அதன் முதுகில் ஒரு சிவப்பு ஒட்டுத்தாளை ஒட்டினாள். என் கையில் லபெயே சீட்டையும் கொடுத்தாள். “அந்தப் பெட்டில போட்ருங்க அங்கிள்” என்று கையைக் காட்டிவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டாள். நம்பிக்கை வைக்கிற பிள்ளை. நல்ல வளர்ப்பு.

பெட்டிக்கு நாலு அடி இருக்கும்போதுதான் அடுத்த கடையில் உதயசூரியனின் குரல் கேட்டது. மறுநாள் தின்கன்ஜூனில் ஒரு கல்யாணமாம்; அவனுடைய பேட்டரி ஒன்று செத்துப்போனதாம். புதுசு இருக்கிறதா என்று கேட்டான். சரக்கு இன்னும் கப்பலில்தான் இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னார்.

நான் பெட்டியைத் தாண்டிப் போய் லபெயே வாங்கும் வரிசையில் நின்றேன். பேட்டரி துணிப்பைக்குள் இருந்தது. பைக்குள் கையை விட்டு அந்த ஒட்டுத்தாளை நகத்தால் உரித்தேன். நல்ல பசை. டீயைக் குடித்து முடிக்கும் வரை உரித்தேன். மிச்சப் பிசுக்கைக் கைக்குட்டையால் துடைத்தேன். பிறகு அவனிடம் போய்ப் பேட்டரியைக் கொடுத்தேன்.

ஒரு விஷயத்தை நீங்கள் தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும். கொடுக்கும்போது தெளிவாகச் சொன்னேன். “பாதி சார்ஜ் இருக்கு, நாளைக்குப் போதும். வேல முடிஞ்சதும் அப்படியே குடுத்துரு தம்பி. சார்ஜ் போடாதே.” மூன்று தடவை சொன்னேன். விளக்கு வாடகைக்கு விடுகிற உதுமான் பக்கத்தில்தான் நின்றான்.

“யாரு, இவனா அப்படியே குடுப்பான்?” என்று உதுமான் சிரித்தான். “எங்கிட்ட காத்து போன டயரோட சைக்கிள் வாங்கிட்டுப் போய், ரெண்டு டயரையும் மாத்திக் கொண்டாந்தவன்.”

“இரவல் பொருள சும்மா குடுத்தா எங்க வீட்ல சோறு கெடைக்காது பாய்” என்றான் உதயசூரியன்.

அது உண்மை. கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டிலிருந்து கேக் போன தட்டு, அதிரசத்தோடுதான் திரும்பி வரும். என் கேமரா முக்காலியை வாங்கிப் போனால் எண்ணெய் போட்டுத் துடைத்துத் தருவான். பேட்டரியைக் காலியாக வாங்கிப் போனாலும் நிரப்பித்தான் தருவான். எட்டு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. நான் வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னால், நாலாவது தடவை சொல்வதற்குள் செய்துவிடுவான். சின்னச் சின்ன நன்மைகளில் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. எனக்கும்தான்.

அவன் கடையும் வீடும் ஒரே அறை, நாலாம் மாடி. சன்னல்களுக்கு இரும்புக் கம்பி, திருட்டுக்குப் பயந்து. சார்ஜர் வைக்கிற பிளக் வாசல் கதவை ஒட்டி இருக்கிறது. வேறு பிளக் இல்லை. அதைப் போட்டுக் கொடுத்தது நான்தான்.

இந்த ஊரில் மின்சாரம் போயிருக்கும்போதே எல்லாவற்றையும் பிளக்கில் மாட்டிவைத்து விடுவோம், உங்களுக்குத் தெரியாததா. வந்ததும் ஒரு நிமிஷம்கூட வீணாகக் கூடாது. அந்த வாரம் அவன் பகுதிக்குத் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மின்சாரம் வரும் முறை. திங்கட்கிழமை காலை அவன் வீட்டில்தான் இருப்பான். ஞாயிறு எடுத்த கல்யாணத்தைத் திங்களே வெட்டி ஒட்டிவிட வேண்டும், முகங்கள் மறக்குமுன் செய்ய வேண்டும் என்பது நான் கற்றுக்கொடுத்தது.

ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அவனுக்குப் போன் செய்தேன். ஏன் செய்தேன் என்று நீங்கள் கேட்கலாம். நலம் விசாரிக்கத்தான்.

“கல்யாணம் நல்லா போச்சா தம்பி?”

“ஜம்முனு போச்சு அண்ணே. ஒங்க பேட்டரி தெய்வம் மாதிரி ஒழச்சுச்சு. சார்ஜ்ல மாட்டியிருக்கேன், சாயங்காலம் நானே கொண்டாரேன். வையாதீங்க.”

“புஷ்பா?” என்று அவன் மனைவியை விசாரித்தேன்.

“கீழ பஜாருக்குப் போயிருக்கு.”

அவன் பேசிக்கொண்டே போனான். தேருக்கு முன்னால் ஒரு கேமரா, மாடியில் ஒரு கேமரா, மாதா முகத்துக்கு நேரே நான். எங்கே நின்றால் மெழுகுவர்த்தி வெளிச்சம் நன்றாக விழும் என்று என்னிடம் யோசனை கேட்டான். சொன்னேன். அவன் எழுதிக்கொண்டான். பிளக்கைப் பிடுங்கு என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். எங்கள் பேச்சில் இருநூறு வார்த்தையாவது இருந்திருக்கும். பிறகு போனுக்குள் அந்தத் தெருவே கூச்சலிட்டது. மாடிக்கு மாடி பிள்ளைகள் பர்மியத்தில் கத்தினார்கள்.

“லைட்டு வந்துருச்சு அண்ணே” என்றான், அவ்வளவு சந்தோஷமாக.

“ஆண்டவர் ஒன்ன ஆசீர்வதிப்பார்” என்று சொல்லி வைத்தேன்.

மற்றது உங்கள் அறிக்கையில் இருக்கிறது. வாசல் பக்கம் தீ, சன்னலில் கம்பி. மின்னழுத்தம் ஏறி இறங்கியதால் என்று எழுதியிருக்கிறீர்கள். அழகான பர்மியம். சார்ஜ் போடாதே என்று அண்ணன் படித்துப் படித்துச் சொன்னார் என்று உதுமான் ஊரெல்லாம் சொல்லி அழுதான். இறுதிச் சடங்கை நான் வீடியோ எடுத்தேன், இலவசமாக. பேரவையும் என்னைத் தேடி வந்து தேர் வேலையைக் கையில் கொடுத்தது. எல்லாப் படமும் தெளிவாக வந்திருக்கிறது.

முப்பதாம் நாள் முடிந்து புஷ்பா எங்கள் வீட்டுக்கு வந்தது. கையில் ஒரு பொட்டலம்.

“பனவெல்லம் அண்ணே. வெறும் பேட்டரிய குடுக்கக் கூடாது, அண்ணன் டீயோட கடிச்சுக்குவாரு, வாங்கியான்னு அனுப்பிச்சாரு. நான் வாங்கிட்டு வர்றதுக்குள்ள... பேட்டரி போயிருச்சு. இதையாச்சும் வச்சுக்கங்க.”

வாங்கிக்கொண்டேன். வெறுமையாக அனுப்பக் கூடாது அல்லவா, ஒரு பை அரிசி கொடுத்து அனுப்பினேன். பொட்டலத்தை இன்னும் பிரிக்கவில்லை. எறும்பு வருகிறது என்று வீட்டில் சத்தம் போடுகிறார்கள்.

ஆகவே அந்த வரியைத் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள், ஸயா. பேட்டரி நல்ல நிலையில் இல்லை. சார்ஜில் போட்டால் தீப்பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொன்னால் கட்டாயம் போடுவான் என்றும் தெரியும். அவன் எந்த நேரம், எந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பான் என்பதும் தெரியும். அவன் சாகட்டும் என்றுதான் கொடுத்தேன். சிவப்பு ஒட்டுத்தாளை இத்துடன் இணைத்திருக்கிறேன். ஜெபப் புத்தகத்தில் பத்திரமாக இருந்தது. இதன் கீழே கையெழுத்துப் போடுவதில் எனக்குக் கூச்சமில்லை, ஒவ்வொரு வரியும் உண்மை.

ஒன்று மட்டும் என் மனசாட்சியை இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது. பேட்டரியைப் பெட்டியில் போட்டவர்களுக்குத்தான் அந்த லபெயே. போடாமலே சீட்டைக் கொடுத்து வாங்கிக் குடித்துவிட்டேன். மறு ஞாயிறே ஏழைகள் உண்டியலில் அதற்கு மேலாகவே போட்டும் மனம் ஆறவில்லை. நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று ஷீபாவிடம் சொல்லிவிடுங்கள்.