மஞ்சள் கவுனில் ஒரு சிரிப்பு

சாவுச் சுவரொட்டியில் எல்லோரும் செய்யும் தப்பு, வாக்காளர் அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் போடுவதுதான். கானாவில், இந்தத் தாக்கொராடியில் பதினெட்டு வருடமாக இதே அச்சு வேலை பார்க்கிறேன், இன்ஸ்பெக்டரம்மா. செத்தவர் சிரிக்க வேண்டும். அப்போதுதான் தெருவில் போகிறவன் நின்று பார்ப்பான். சனிக்கிழமை துக்க உடையாகக் கறுப்பும் சிவப்பும் உடுத்திக்கொண்டு அடக்கத்துக்கு வருவான்.

"அபாவோட அம்மாவும் ரெண்டு பிள்ளைங்களும் ஸ்டேஷன் வாசல்லயே நிக்கறாங்கய்யா. திங்கக்கிழமையிலேருந்து காணோம். எங்கே அவ?" என்று மூன்றாம் தடவை கேட்கிறீர்கள். சொல்கிறேன். முதலில் மன்சா.

நாற்பத்தொரு வயது, தையல்காரி, தனிக்கட்டை. பேஸ்புக்கில் அவளோடு பேசிய கப்பல் கேப்டன் நான்தான். நீங்கள் ஐந்து மாதமாக இணையத்தில் வலைவீசித் தேடிய அதே கேப்டன். 'ராத்திரிக்குக் கெங்கேக் களி சாப்பிட்டாயா' என்று கேட்க அவளுக்கு வேறு யார் இருந்தார்கள்? ஒருநாள் எழுதினாள்: "நான் செத்தா நாலு பேராவது வருவாங்களா, கேப்டன்?"

நாலு பேர் என்ன, நானூறு பேரை வரவழைக்க எனக்குத் தெரியும்.

கடற்கரைக்கு வரச் சொன்னேன். ஒரு கையால் தலையை நீருக்குள் அழுத்தினேன், மறு கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். தனியாகப் போகக் கூடாது அல்லவா. அவளுடைய போனையும் கடலில் எறிந்தேன். தவறிக் கடலில் விழுந்து செத்தாள் என்று ஊர் நம்பியது; அவள் யாரோ ஒரு கேப்டனோடு பேசிவந்ததை அவள் அக்கா சொன்னதால் நீங்கள் மட்டும் நம்பவில்லை.

இங்கத்து வழக்கப்படி உடலை ஐந்து மாதம் பிணவறையில் வைத்திருந்து, போன வாரம்தான் அடக்கத்துக்கு நாள் குறித்தார்கள். அந்த அக்கா அராபா என் கடைக்கே வந்தாள், அட்டைப் படத்தோடு. "மூஞ்சி உம்முன்னு இருக்கு. வேற படம் இல்லண்ணே, இதையே போட்டுருங்க."

போட்டிருக்கலாம். தொழில்காரன் மனசு கேட்கவில்லை. கேப்டனுக்கு மன்சா கடைசியாக அனுப்பிய, மஞ்சள் கவுனில் சிரிக்கும் படத்தைப் போட்டேன். இந்தச் செவ்வாய்க்கிழமை சுவரில் ஒட்டியதும் ஊரே திரும்பிப் பார்த்தது. அராபா நேரே கடைக்கு வந்தாள்.

"இந்தக் கவுனை அவ தைச்சு முடிச்சதே சாகறதுக்கு முந்தின சாயங்காலம். நான் அதைப் பொணத்து மேலதான் பார்த்தேன். சிரிச்ச படம் உமக்கு ஏதுய்யா?"

அங்கிருந்து நேரே உங்களிடம் போனாள். நீங்கள் வந்தீர்கள்.

இனி அபா. என் மேசையின் கீழ் இழுப்பறையில் அவள் சுவரொட்டி இருக்கிறது, நல்ல படம். இறந்த தேதியும் போட்டாயிற்று, திங்கட்கிழமை. கலங்கரை விளக்கத்துப் பாறைகளுக்கு அடியில் பாருங்கள்.

அவள் மன்சா மாதிரி தனிக்கட்டை இல்லை என்கிறீர்கள். உண்மைதான். "எனக்கு என் பிள்ளைங்க போதும், இனிமே எழுதாதீங்க" என்று கேப்டனுக்கே எழுதிவிட்டாள். கடைசியாக ஒருமுறை முகம் பார்த்து விடைபெறலாம் என்று நான்தான் கெஞ்சி வரவழைத்தேன். பாவம், தான் எவ்வளவு தனியாக இருக்கிறாள் என்பதே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.