மாடிக்கு வந்த மருந்து அலமாரி

பிள்ளைகளே, முத்தையாபுரம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு நர்சும், கால் ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும் துறைமுகத் தொழிலாளியின் மனைவியும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"அக்கா, மருந்து அலமாரியை மாடிக்கு ஏத்தினாங்க, அண்ணாச்சி நடந்துட்டாரு" என்றார் நர்ஸ்.

"என்ன சிஸ்டர் சொல்லுதிய? அலமாரிக்கும் அவுக காலுக்கும் என்ன சம்பந்தம்?"

"முன்னால ஒவ்வொரு மாத்திரைக்கும் நான் கீழ ஓடணும். அவரு கட்டில்லயே கிடப்பாரு. இப்போ மருந்து வார்டுலயே இருக்கு. மிஞ்சுத நேரத்துல கையப் புடிச்சு நடக்க வைக்கேன்."

"இனிமே எந்திரிக்கவே மாட்டாவன்னு பயந்துட்டேன், சிஸ்டர்."

"நேத்து ஜன்னல் வரைக்கும் நடந்து கப்பலைப் பாத்தாரு. கிரேன் ஓட்டுதவனுக்குத் தொழில் தெரியலைன்னு அங்கன நின்னே திட்டுதாரு."

அந்த அம்மா சத்தமாகச் சிரித்துவிட்டார்.

"திட்டுதாவளா? அப்போ சீக்கிரம் வீட்டுக்கு வந்துருவாவ."